கத்திக்குப் பயந்து கல்லைச் சுமக்கலாமா?



கல்லடைப்பு வந்தவர்களிடம் அந்த வலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் குத்திப் பிடித்து, அடிவயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டு வரும். உட்கார முடியாது, படுக்க முடியாது, புழுவாய்த் துடிக்க வேண்டியதுதான். "பிள்ளை பெத்த வலியே தேவலாம்" என்று சொல்லும் தாய்மார்களும் உண்டு.

இந்த வலியை ராத்திரி முழுக்கத் தாங்கிக்கொள்ளும் நம் ஆட்கள், டாக்டர் வாயிலிருந்து 'ஆபரேஷன்' என்ற ஒரு வார்த்தை வந்தால் மட்டும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "கத்தி வச்சா அப்புறம் வேலைக்காட்டுக்குப் போக முடியாதுங்க." "எங்க பெரியப்பாவை விலாவுல அறுத்தாங்க, அதுக்கப்புறம் அவரு ஒரு மூட்டையைத் தூக்கினதில்லை." தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு கதை இருக்கிறது.

இந்தக் கதைகள் பொய்யல்ல. ஆனால் அவை பழைய காலத்து ஆபரேஷனைப் பற்றிய கதைகள். அந்த வைத்தியம் இன்று பெரும்பாலும் போய்விட்டது. பயம் மட்டும் போகாமல் இருக்கிறது. அந்தப் பயத்தை விட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முதல் கருத்து. அதோடு, "சின்னத் துளைதானே, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று அசட்டையாக இருப்பதும் தவறு என்பது இரண்டாவது கருத்து. கல் ஏன் வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் பேசுவோம்.

அன்று என்ன, இன்று என்ன?

முன்பெல்லாம் சிறுநீரகக் கல்லை எடுக்க விலாப்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அறுப்பார்கள். சதையை அடுக்கடுக்காகப் பிளந்து, தேவைப்பட்டால் விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு உள்ளே போவார்கள். காயம் ஆறவே பல வாரம் ஆகும். வெட்டுப்பட்ட சதை தளர்ந்து, விலாவில் புடைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. உடம்பை வைத்துப் பிழைக்கிற தொழிலாளி இதற்குப் பயந்ததில் தவறே இல்லை.

1976-ல் ஸ்வீடன் நாட்டில் பெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இரு மருத்துவர்கள் முதுகுப் பக்கமாகச் சிறு துளை போட்டு, அந்த வழியாகவே சிறுநீரகக் கல்லை எடுத்துக் காட்டினார்கள். 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மூனிச் நகரில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்தி முதல் நோயாளியின் கல்லை உடைத்தார்கள். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாய்க் கருவியை மேலே ஏற்றிக் கல்லைப் பிடிக்கும் முறையும் அதே காலத்தில் வளர்ந்தது. பிறகு லேசர் வந்து சேர்ந்தது.

ஆக, இன்று முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது அதிர்வலை. நோயாளி மெஷினில் படுத்துக்கொள்வார். கல் உள்ள இடத்தைக் குறிபார்த்து வெளியிலிருந்து அலை அடிக்கும். கல் தூளாகிச் சிறுநீரோடு வரும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரே தடவையில் முடியும் என்று நம்பி இருக்கக்கூடாது. கல் கெட்டியாக இருந்தாலும், சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் கிடந்தாலும், ஆள் பருமனாக இருந்தாலும் பலன் குறையும். இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம்.

இரண்டாவது, சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய்க் கருவி. இதிலும் வெளிக்காயம் கிடையாது. மயக்கம் கொடுத்து, கருவியை உள்ளே செலுத்தி, லேசரால் கல்லைப் பொடித்து எடுப்பார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

மூன்றாவது, முதுகுத் துளை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லுக்கும், மான்கொம்பு மாதிரி கிளை விட்டுச் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கல்லுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. துளை சுமார் ஒரு சென்டிமீட்டர், அதாவது நம் சுண்டுவிரல் பருமன். இன்னும் சிறிய துளை போடும் கருவிகளும் வந்துவிட்டன. சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும்.

எந்தக் கல்லுக்கு எந்த வழி என்பதைக் கல்லின் அளவும் அது இருக்கும் இடமும்தான் முடிவு செய்யும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிர்வலை கொடுத்தார்கள், எனக்கு மட்டும் ஏன் துளை போடுகிறார்கள் என்று டாக்டரிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

பலன் எப்படி?

"நல்லாயிடும்" என்று பொதுவாகச் சொல்வதைவிடக் கணக்கோடு பேசுவோம்.

பல நாடுகளில் 96 மருத்துவ மையங்களில் முதுகுத் துளைச் சிகிச்சை பெற்ற 5,803 பேரைக் கணக்கெடுத்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 76 பேருக்குக் கல் முழுவதும் போய்விட்டது. சுமார் 85 பேருக்கு அதற்குமேல் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. சுமார் 10 பேருக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு.

குழாய்க் கருவி முறையிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 32 நாடுகளில் 11,885 பேர். நூற்றுக்குச் சுமார் 86 பேருக்குக் கல் முழுதாக நீங்கியது. சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் கண்டவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

இந்தக் கணக்கை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். ஒரு கண்ணால் பார்த்தால் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிழைத்து வேலைக்குத் திரும்புகிறார்கள். விலாவை அறுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம்! மறு கண்ணால் பார்த்தால், முதுகுத் துளை போட்ட நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கிறது. டாக்டர் மோசம் செய்துவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பெரிய கல்லை உடைக்கும்போது சில துண்டுகள் மூலையில் ஒதுங்கிவிடுகின்றன. மறுபடி எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். வலி நின்றுவிட்டது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர், அந்தத் துண்டு மீண்டும் வளர இடம் கொடுக்கிறார்.

உள்ளே வைத்த குழாயை மறக்காதீர்கள்

இந்தப் பத்தியை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்ல வேண்டும்.

கல்லை எடுத்த பிறகு பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பை வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் 'ஸ்டென்ட்' என்பார்கள். வீக்கம் இருக்கும்போது சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்கு அது உதவும். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முடுக்கும். போகும்போது விலாவில் இழுக்கும். கொஞ்சம் சிவந்தும் போகலாம். இதெல்லாம் பெரும்பாலும் குழாயால் வருவதுதான்.

ஆனால் அந்தக் குழாய் அங்கேயே தங்குவதற்கு வைத்ததல்ல. சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும். வருடக்கணக்கில் மறந்தால் குழாயே கல்லாகி, அதை எடுக்கப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும். சிறுநீரகமே கெட்டுப்போனவர்களும் உண்டு. தோட்டம் மாறிப் போனவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள், "வலி இல்லியே, எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விடணும்" என்று நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், உள்ளே குழாய் ஏதும் இருக்கா? எந்தத் தேதிக்கு எடுக்கணும்?" அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். தீபாவளி மறந்தாலும் அது மறக்கக்கூடாது.

காலம் கடத்தினால் என்ன ஆகும்?

எல்லாக் கல்லுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. குழாயில் இறங்கிய கல் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும். ஐந்திலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை என்றால் பாதிக்குப் பாதிதான். ஆகவே டாக்டர் "நாலு வாரம் பார்ப்போம், மாத்திரை சாப்பிடு" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த நாலு வாரம் கழித்துத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் நிபந்தனை.

நம் ஆட்களை ஏமாற்றுவது வலிதான். குழாயை முழுவதும் அடைத்துக்கொண்ட கல் சில நாளுக்குப் பிறகு வலி கொடுக்காமலேயே உட்கார்ந்திருக்கலாம். "வலி போச்சு, கல்லும் போச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காதவரை, ஸ்கேன் சொல்லாதவரை, கல் போய்விட்டது என்று நம்பாதீர்கள்.

கல் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் அந்த விஷம் ரத்தத்தில் கலந்து உயிரையே வாங்கிவிடும். அப்போது கல்லை எடுக்க அவசரப்பட மாட்டார்கள். முதலில் குழாய் போட்டுத் தேங்கிய நீரை வடித்துவிட்டு, பிறகு நிதானமாகக் கல்லைப் பார்ப்பார்கள். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரே நின்றுபோனவர்களும் அப்படித்தான் உடனே ஓட வேண்டும். "காலையில பெரட்டு முடிஞ்சதும் வண்டி கேட்டுப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாழைத்தண்டும் பூனை மீசையும்

"வாழைத்தண்டுச் சாறு குடிச்சாக் கரைஞ்சிடும்", "பூனை மீசைத் தழையைக் காய்ச்சிக் குடி" என்று சொல்லாத ஆளில்லை. சமையலில் வாழைத்தண்டு சேர்த்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. கஷாயத்தோடு வயிற்றுக்குள் போகிற தண்ணீரும் நல்லதுதான். ஆனால் பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட் என்ற பொருளால் ஆனவை. அவை எந்த மருந்திலும் கரைவதில்லை, இங்கிலீஷ் மருந்திலும்தான். யூரிக் அமிலக் கல்லை மட்டும் மாத்திரையால் கரைக்க வழி உண்டு. அதையும் டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கல்லை உள்ளே வைத்துக்கொண்டு ஆறு மாதம் சாறு குடிப்பது, எரிகிற வீட்டுக்கு முன்னால் நின்று மழைக்கு வேண்டுவது போலத்தான்.

"கள்ளு குடிச்சாக் கல்லு இறங்கும்" என்று சொல்லி மாலையில் கடைப்பக்கம் நடக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சமயத்துக்குச் சிறுநீர் அதிகம் போகலாம். பின்னால் உடம்பு வற்றிப் போகும். கல்லைச் சாக்காக வைத்துக் குடிக்க வேண்டாம்.

எடுத்த கல் திரும்பி வரும்

எந்த முறையில் எடுத்தாலும் கல் திரும்ப வரக்கூடியது. முன்னெச்சரிக்கை இல்லாவிட்டால் பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. துளை போட்டவர் கல்லைத்தான் எடுத்தார். கல்லை உண்டாக்கிய காரணத்தை அவரால் எடுக்க முடியாது.

அந்தக் காரணங்களில் பெரியது உடம்பில் நீர் வற்றுவது. இத்தாலியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். சூட்டில் வியர்த்து வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்குக் கல். அதே இடத்தில் சாதாரண வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 2.4 பேருக்குத்தான். உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு இந்தக் கதி என்றால், பன்னிரண்டு மணி வெயிலில் குலை வெட்டித் தள்ளுவண்டி தள்ளுகிறவருக்கு என்ன கதி?

தண்ணீரின் பலனுக்கும் கணக்கு இருக்கிறது. முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் கவனித்து 1996-ல் வெளியிட்டார்கள். தினம் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 பேருக்கு வந்தது. காசில்லாத வைத்தியம் இது.

சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்குக் குடியுங்கள். மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பொருள். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்து டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொல்படி கேளுங்கள். உப்பைக் குறையுங்கள். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கீச்சாப், பாக்கெட் மீ எல்லாவற்றிலும் உப்பு ஏராளம். இறைச்சியை அளவோடு வையுங்கள். ஆனால் பால், தயிரை விட்டுவிடாதீர்கள். "கால்சியக் கல்லாச்சே, பால் கூடாது" என்பது தவறு. 2002-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில், கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியம் வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்குத்தான் கல் குறைவாகத் திரும்பியது.

தொழிலாளியை மட்டும் குறை சொன்னால் போதுமா?

"நெறையத் தண்ணி குடி" என்று அறிவுரை சொல்வது சுலபம். எங்கே இருக்கிறது தண்ணீர்? வெளிக்காட்டுக்கு ஒரு போத்தலோடு போகிறோம். பத்து மணிக்கு அது காலி. தண்ணீருக்கு நடந்து போய் வந்தால் குலைக் கணக்கு குறைகிறது, சம்பளம் குறைகிறது. மருந்து அடிக்கும் தாய்மார்கள் கை கழுவாமல் போத்தலைத் தொடவே கூடாது. ஆனால் கழுவத் தண்ணீர் இல்லை. ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகவே காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! இப்படிச் சேர்த்துவைத்த கல்லை எடுக்கத்தான் பிறகு ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நிற்கிறோம்.

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலை செய்யுமிடத்தில் தொழிலாளியின் நலனுக்கு வேண்டிய வசதியை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. வெளிக்காட்டுக்குக் குடிதண்ணீர் வண்டி, கழுவத் தனித் தண்ணீர், பெண்களுக்கு ஒதுங்க இடம், வெயில் ஏறும் முன் ஓய்வு. இவை தருமம் அல்ல. உரிமை என்றே கேட்க வேண்டும். கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

விடுப்பு விஷயத்திலும் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சர்வீஸைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனி. முன்பு அந்த 60-க்குள் மற்றதையும் கழிப்பார்கள். 2023 ஜனவரி முதல் அப்படிக் கழிக்க முடியாது. ஆனால் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். துளை போட்ட சிறுநீரகத்தில் ஓரிரு வாரம் கழித்தும் திடீரென்று ரத்தம் போவது அரிதாக நடப்பதுண்டு. இருபது கிலோ குலையைத் தூக்கவும் வண்டி தள்ளவும் டாக்டர் அனுமதிக்கும்வரை போகக்கூடாது. "சின்னத் துளைதானப்பா, நாளைக்கு வந்துடு" என்று மண்டோர் சொன்னால் எம்.சி.-யைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் மிகக் குறைவு. காத்திருக்கும் நாள்தான் அதிகம். அதனாலேயே முன்கூட்டிப் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்கிறோம். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கு அங்கே கட்டணம் பல மடங்கு. அந்தப் பாரத்துக்குப் பயந்து அவர்கள் வலியை மறைப்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு வழி செய்யும் பொறுப்பை நிர்வாகம் தட்டிக்கழிக்க நாம் விடக்கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்:

1. கல் எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது?
2. எனக்கு எந்த முறை, ஏன் அந்த முறை?
3. கல் முழுவதும் போய்விட்டதா? மறு ஸ்கேன் எப்போது?
4. உள்ளே குழாய் இருக்கிறதா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?
5. எடுத்த கல் என்ன வகை? எந்தச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்?

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று கூச்சப்படாதீர்கள். பாஷை தடையாக இருந்தால் படித்த பிள்ளையை அழைத்துப் போங்கள். சங்கத்தில் சொன்னாலும் ஆள் அனுப்புவார்கள்.

தோழர்களே, நம்முடைய மூலதனம் இந்த உடம்பு ஒன்றுதான். அதில் இரண்டு சிறுநீரகம் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று என்று கணக்குப் போடாதீர்கள். வலி வந்தால் டிரெசரிடம் ஊசி போட்டுக்கொண்டு மறந்துவிடாமல், ஸ்கேன் எடுக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போன வருடம் குழாய் வைத்துக்கொண்டு வந்தவர் உங்கள் தோட்டத்தில் யாராவது இருந்தால், இன்றைக்கு மாலையே அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: "அண்ணே, அதை எடுத்தாச்சா?"